அடைக்குள்ளே முருங்கைக்கீரை

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காய்கறி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். மனையியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அதனால் கையில் ஏதோ மந்திரம் இருக்கும் என்று நம்பி வந்திருப்பீர்கள். மந்திரம் இல்லை. ஆனால் பல ஆண்டுகளாக ஒரே வாக்கியத்தைப் பல அம்மாக்களின் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். "மேடம், கேரட்டை அரைச்சு இட்லி மாவுல கலந்துட்டேன். அவனுக்குத் தெரியவே தெரியாது." இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமிதம் வரும் பாருங்கள், பரீட்சையில் முதலிடம் வாங்கிய பெண்ணுக்குக்கூட அவ்வளவு வராது.

கேரட் இட்லியில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. "தெரியவே தெரியாது" என்ற இடத்தில்தான் எனக்கும் அவர்களுக்கும் வழக்கு. இன்றைக்கு அந்த வழக்கைத்தான் உங்கள் முன்னால் வைக்கப் போகிறேன்.

வழக்கு என்றதும் நிஜமான ஒரு வழக்கே நினைவுக்கு வருகிறது. 2007-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சில மாத இடைவெளியில் இரண்டு சமையல் புத்தகங்கள் வெளிவந்தன. ஒன்று மிஸ்ஸி சேஸ் லபைன் எழுதிய 'தி ஸ்னீக்கி செஃப்'. இன்னொன்று ஜெசிகா சைன்ஃபெல்ட் எழுதிய 'டிசெப்டிவ்லி டெலிஷியஸ்'. பின்னவர், தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர் ஜெர்ரி சைன்ஃபெல்டின் மனைவி. இரண்டு புத்தகத்துக்கும் சாரம் ஒன்றுதான். காய்கறிகளை வேகவைத்து, மைய அரைத்து, விழுதாக எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டியது. பிறகு பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிடும் பண்டங்களில் அந்த விழுதைச் சத்தமில்லாமல் சேர்த்துவிட வேண்டியது. சாக்லேட் பிரவுனிக்குள் பசலைக்கீரையும் கேரட்டும் போனது அப்படித்தான். இரண்டும் விற்றுத் தள்ளின. என் யோசனையைத் திருடிவிட்டார் என்று முன்னவர் 2008-இல் பின்னவர் மீது வழக்குத் தொடுத்தார். நியூயார்க் நீதிமன்றம் 2009-இல் அதைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2010-இல் அதையே உறுதி செய்தது. காய்கறி விழுதைக் குழந்தைகள் சாப்பாட்டில் மறைத்து வைப்பது வெறும் யோசனை, அதற்குப் பதிப்புரிமை எவரும் கொண்டாட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். முடக்கத்தான் தோசைக்கு உரிமை கேட்டு நம்மூர் ஆச்சி யாரும் நீதிமன்றப் படி ஏறாதது நல்லதாகப் போயிற்று.

சரி, இப்படி மறைத்து வைத்தால் பலன் உண்டா? உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் செய்த ஆய்வு 2011-இல் வெளியானது. 3 முதல் 5 வயது வரையுள்ள 40 குழந்தைகள். காலையில் சுக்கினி என்ற காய் சேர்த்த ரொட்டி, மதியம் தக்காளிச் சாறு ஊற்றிய பாஸ்தா, இரவு நூடுல்ஸும் கோழியும் சேர்ந்த ஒரு பதார்த்தம். இவற்றில் அரைத்த காய்கறியின் அளவை ஒரு நாள் வழக்கம்போல வைத்தார்கள், வேறு நாள்களில் மூன்று மடங்காகவும் நான்கு மடங்காகவும் கூட்டினார்கள். குழந்தைகள் வித்தியாசம் பார்க்காமல் சாப்பிட்டார்கள். நான்கு மடங்கு வைத்த நாளில் அவர்கள் உண்ட காய்கறி ஏறக்குறைய இரட்டிப்பானது. உள்ளே போன கலோரி 12 சதவீதம் குறைந்தது.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. அதை ஏனோ யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தட்டின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி காய்கறியும் வைத்திருந்தார்கள். அதை எப்போதும் சாப்பிடும் அளவுக்கே சாப்பிட்டார்கள், குறைக்கவில்லை. உள்ளே கலந்ததும் பலித்தது, வெளியே வைத்ததும் கெடவில்லை. நம் வீடுகளில் நடப்பது வேறு. இட்லிக்குள் கேரட் போய்விட்டது என்ற நிம்மதியில் பொரியல் கிண்ணத்தையே மேசைக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிடுகிறோம். அங்கேதான் சறுக்கல் தொடங்குகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பீட்ரூட் பூரியை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க ரோஜாப்பூ மாதிரி இருக்கும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஒரு கப் கோதுமை மாவுக்கு எவ்வளவு பீட்ரூட் விழுது ஊற்ற முடியும்? அதிகம் போனால் 50 கிராம். அதற்கு மேல் ஊற்றினால் மாவு பிசுபிசுவென்று பலகையில் ஒட்டிக்கொள்ளும். அந்த மாவில் எட்டு, ஒன்பது பூரி வரும். ஒரு பூரிக்கு ஆறு கிராம் பீட்ரூட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் நான்கு பூரி சாப்பிட்டால் 24 கிராம். ஒரு சிறு கரண்டிப் பொரியலில் பாதி. கூடவே அந்த நான்கு பூரியும் குடித்த எண்ணெய். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் என்று சொல்கிறது. பிள்ளைக்கு அதில் பாதி என்று வைத்தாலும் நம் ரோஜாப்பூப் பூரி எந்த மூலைக்கு? பிள்ளையின் வயிற்றுக்குள் போனது பீட்ரூட்டின் நிறம்தான்.

ஆக, எதற்குள் கலக்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். பூரி, கேக், பஜ்ஜி, கட்லெட் எல்லாம் இதற்கு ஏமாற்றுப் பேர்வழிகள். நிறைய மாவும் எண்ணெயும் கேட்கும், கொஞ்சம் காய்தான் தாங்கும். ரவா கிச்சடி தாங்கும். ரவைக்குச் சமமாகக் காய் போட்டாலும் கிச்சடி கிச்சடியாகவே இருக்கும். கூட்டு தாங்கும். சாம்பார் தாங்கும், ஆனால் உணவு விடுதிச் சாம்பார் மாதிரி ஒரே ஒரு முருங்கைக்காய்த் துண்டைத் தேடி முத்துக்குளிக்கும்படி வைக்கக் கூடாது. பருப்பு உசிலியை நினைத்துப் பாருங்கள். கொத்தவரங்காயை எந்தப் பிள்ளையும் விரும்பிக் கேட்டதாக நான் அறியேன். அதையே ஊறவைத்து அரைத்த பருப்போடு உதிர் உதிராகப் புரட்டி, மோர்க்குழம்பு சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள வைத்தால் இரண்டாம் முறை கை நீளுகிறது. காயின் அளவு குறையவே இல்லை. கசப்பையும் நாரையும் பருப்பு அணைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இன்னொன்று. மறைக்க வேண்டுமே என்பதற்காகக் கீரையை அரைத்து, வடிகட்டி, சக்கையைக் கொட்டிவிட்டுச் சாற்றை மட்டும் மாவில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். குப்பைக்குப் போனது நார்ச்சத்து. கேரட்டிலும் கீரையிலும் இருக்கிற பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும். அதனால் ஆவியில் வெந்த கேரட் இட்லிக்கு ஒரு சொட்டு நெய்யோ நல்லெண்ணெயோ கூட இருக்கட்டும். கீரைக்கு எலுமிச்சை பிழிந்தால் அதிலுள்ள இரும்பு எளிதாகச் சேரும்.

இரும்பு என்றதால் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் 57 சதவீதத்துக்கும் மேல் இரத்தசோகை. காய்கறி சாப்பிடாததுதான் ஒரே காரணம் என்று சொல்ல வரவில்லை. சாப்பாட்டுக்குப் பதிலாக நாளெல்லாம் பாலைக் குடித்தே வயிறு நிரப்பும் குழந்தைக்கும் இது வரும். மருத்துவர் இரும்புச்சத்து மருந்து கொடுத்தால், கீரை அடை கொடுக்கிறேனே என்று அதை நிறுத்திவிடாதீர்கள். அடை அடைதான், மருந்து மருந்துதான்.

இனி நம் அடுக்களைக்கு வருவோம். காய்கறியை வேறு பண்டத்துக்குள் கலப்பதை அமெரிக்கப் புத்தகம் பார்த்துத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. முடக்கத்தான் இலையைத் தனியாக வாயில் போட்டால் கசக்கும். புழுங்கலரிசியோடு அரைத்துத் தோசையாக வார்த்தால் மூட்டுவலிக்காரத் தாத்தாவும் சாப்பிடுவார், பேரனும் சாப்பிடுவான். சளி பிடித்த பிள்ளைக்குக் கல்யாண முருங்கை இலையை அரிசி, மிளகு, சீரகத்தோடு அரைத்துத் தட்டிக் கொடுக்கிற வீடுகள் இன்றும் உண்டு. குழம்பில் மிதக்கும் கறிவேப்பிலையை விரலால் வழித்துத் தட்டின் விளிம்பில் ஒட்டவைக்கும் பிள்ளைதான், அதே இலை பொடியாகி நெய்ச் சோற்றில் ஏறும்போது "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கிறது. பிரண்டை துவையலாகிறது, தூதுவளை ரசமாகிறது, வாழைப்பூ வடையாகிறது. யாழ்ப்பாணத்தில் வல்லாரையைத் தேங்காய்ப்பூவோடு சம்பலாக்குகிறார்கள், இலைகளை இடித்துச் சாறெடுத்து இலைக்கஞ்சி காய்ச்சுகிறார்கள்.

இவற்றில் எதையாவது நம் பாட்டிமார் ஒளித்துக் கொடுத்தார்களா? முடக்கத்தான் தோசைக்குப் பெயரே முடக்கத்தான் தோசை. வாழைப்பூ வடை வாழைப்பூ வடைதான். தட்டில் விழும்போதே பெயரும் கூட விழுகிறது. பிள்ளை முதல் நாள் முகம் சுளிக்கலாம். நாலாம் நாள் "இன்னைக்கு முருங்கைக்கீரை அடையா?" என்று கேட்டுக்கொண்டே வரும். அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. வாயில் பட்ட ருசிக்கும் கண்ணில் பட்ட இலைக்கும் காதில் விழுந்த பெயருக்கும் அந்தப் பிள்ளை முடிச்சுப் போட்டுவிட்டது. பிரவுனிக்குள் பசலை சாப்பிட்ட பிள்ளைக்கு அந்த முடிச்சு விழவே விழாது. பத்து வருஷம் பசலை தின்ற பிறகும் அது பசலையை வெறுக்கும். சாக்லேட்டை மட்டும் இன்னும் நன்றாக நேசிக்கக் கற்றிருக்கும்.

முருங்கைக்கீரை அடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. பொறுத்துக்கொள்ளுங்கள். கொல்லையில் ஒடித்த கொத்தை இரவே ஒரு துணியிலோ செய்தித்தாளிலோ இறுக்கிச் சுற்றி வைத்துவிட்டால், காலையில் பிரித்து உதறும்போது பாதி இலை தானாக உதிர்ந்துவிடும். மீதியை ஆய்வதற்குப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். காம்பின் நுனியைப் பிடித்து விரலிடுக்கில் ஒரு இழுப்பு இழுத்தால் சரசரவென்று இலை கழன்று விழும். அந்தச் சுகத்துக்காகவே பிள்ளைகள் உட்காருவார்கள். அரிசியையும் பருப்புகளையும் மிளகாய், பெருங்காயத்தோடு கொரகொரப்பாக அரைத்த மாவில் இலையை முழுசாகவே போடுங்கள், அரைக்காதீர்கள். அரைத்தால் கசப்பு மாவு முழுவதும் பரவி ஒரு வாய்க்கும் தப்பாது. முழு இலையாகக் கிடந்தால் கல்லில் பட்ட இடத்தில் மொறுமொறுவென்று ஆகிவிடும். நடுவில் ஒரு ஓட்டை போட்டு எண்ணெய் விட்டு, ஓரம் சிவந்ததும் திருப்பிப் போடுங்கள். பிள்ளைகள் முதலில் அந்த முறுகிய ஓரத்தைத்தான் பிய்த்துத் தின்னும். தின்னட்டும். கீரை அதிகம் பொரிந்திருப்பது அங்கேதான்.

வாழைப்பூவிலும் இப்படி ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு பூவிலும் கள்ளன் என்ற வேகாத நரம்பைப் பிடுங்க வேண்டும். நமக்கு அலுப்பான வேலை, ஐந்து வயதுக்கு அது வேட்டை. தான் பிடுங்கிய கள்ளன்களைக் குவித்து எண்ணிக் காட்டிய பிள்ளை, அந்த வடையைக் கடித்துப் பார்க்காமல் விடுமா? நீங்கள் ஒளித்துச் சமைக்கும்போது பிள்ளையை அடுக்களைக்குள் விடவே முடியாது. மிக்சியை ஓட்டும்போது கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு இந்த முறையின் மேல் உள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான்.

பிள்ளை ஏன் காயை மறுக்கிறது? திமிர் என்று பலர் நினைக்கிறார்கள். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா" என்று மாமியார் சொல்லுவார். ஒரு வயதில் பரங்கிக்காய் மசியலைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்ட குழந்தை, இரண்டு வயதானதும் அதே பரங்கிக்காயைத் துப்புகிறது. புதிய உணவைக் கண்டு மிரளும் இந்தக் குணம் இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை உச்சத்தில் இருக்கும் என்று உளவியலார் சொல்கிறார்கள். தானே நடந்து, கண்டதையும் எடுத்து வாயில் வைக்கத் தொடங்கும் பருவம் அது. கசப்பான பச்சை இலைகளில் நஞ்சும் உண்டல்லவா? தெரியாததைத் துப்பிய குழந்தை காட்டில் பிழைத்திருக்கும். ஆதி மனிதனின் அந்த எச்சரிக்கை இன்று நம் கூடத்தில் வெண்டைக்காய்ப் பொரியலுக்கு எதிராக வேலை செய்கிறது.

பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. லண்டனில் லூசி குக், ஜேன் வார்டில் ஆகியோர் 8 முதல் 11 வயது இரட்டையர்களை வைத்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மிரட்சியில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் 78 சதவீதம் மரபு வழி வந்தது என்று கணக்கிட்டார்கள். அதாவது உங்கள் மகன் பாகற்காயை விலக்கும்போது, அந்தக் குணம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். (சிரிப்பு) மரபு வழி வந்தது என்பதற்காக மாறாது என்று பொருளில்லை. அம்மாவின் மேல் மட்டும் பழி போடுவதை நிறுத்துவதற்கு இந்த எண் உதவினால் போதும்.

ருசிப் பாடம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பிலடெல்பியாவில் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜூலி மெனெல்லா குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்திலோ பால் கொடுக்கும் காலத்திலோ கேரட் சாறு குடித்து வந்த தாய்மாரின் குழந்தைகள், பின்னால் கேரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் ஏற்றன. அதற்குப் பத்தாண்டு முன்பே, தாய் பூண்டு சாப்பிட்டால் தாய்ப்பாலில் அந்த வாசம் ஏறுகிறது, குழந்தை விலகுவதில்லை, கூடுதல் நேரம் பால் குடிக்கிறது என்று அவரும் அவர் சகாவும் காட்டியிருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டைக் குழம்பாகவும் லேகியமாகவும் கொடுக்கிற ஊர் இது. நம் குழந்தைகள் பூண்டுக்கு அவ்வளவாக மிரளாததற்கு இதிலும் காரணம் இருக்கலாம். அதே பத்தியத்தில் பல காய்களைத் தாய்க்குக் கண்ணிலேயே காட்டுவதில்லை. அந்தப் பட்டியலை உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக் கேளுங்கள்.

இப்போது என் வழக்கின் முக்கியமான சாட்சிக்கு வருகிறேன். லீஆன் பர்ச் என்ற அமெரிக்க அறிஞர், குழந்தைகள் உணவை எப்படி விரும்பக் கற்கின்றன என்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர். 1987-இல் அவர் குழு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது. புதிய உணவைப் பார்த்துப் பழகினால் போதுமா, ருசித்துப் பழக வேண்டுமா? பார்த்த உணவு பார்ப்பதற்குத்தான் பழகியது. ருசித்த உணவுதான் நாக்குக்குப் பிடித்தது. அப்படியானால் மறைத்துக் கொடுப்பது சரிதானே, ருசி உள்ளே போகிறதே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மறைப்பதன் நோக்கமே ருசி தெரியாமல் இருப்பது. சாக்லேட்டுக்குள் பசலை ருசித்தால் அந்தப் பிரவுனி தோற்றது என்று அர்த்தம். பார்வையும் இல்லை, ருசியும் இல்லை என்றால் குழந்தை எதைக் கொண்டு பழகும்?

எத்தனை முறை ருசிக்க வேண்டும்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் எட்டு, பத்து முறை, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து. நம்மில் பெரும்பாலோர் மூன்றாம் முறையிலேயே "இவனுக்குச் சுரைக்காய் பிடிக்காது" என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பைப் பிள்ளையின் எதிரிலேயே, விருந்தாளிகளிடம் படித்தும் காட்டுகிறோம். பிள்ளை அதைத் தன் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. பட்டாணி அளவு போதும், ஒரு துவரம்பருப்பு அளவு போதும். துப்பினால் துப்பட்டும். துப்பியதும் ஒரு முறை ருசித்ததுதான், கணக்கில் சேரும்.

வற்புறுத்த மட்டும் வேண்டாம். 2006-இல் பர்ச்சும் அவருடைய சகாக்களும் சின்னப் பிள்ளைகளுக்கு சூப் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சூப்பைக் கொடுத்து "குடித்து முடி, குடித்து முடி" என்று அவ்வப்போது சொன்னார்கள். இன்னொன்றைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். சும்மா இருந்த சூப்தான் அதிகம் தீர்ந்தது. வற்புறுத்திய சூப்பைப் பற்றிப் பிள்ளைகள் ஏகப்பட்ட குறை சொன்னார்கள். "பீன்ஸ் சாப்பிட்டா ஐஸ்கிரீம் தர்றேன்" என்ற பேரமும் இப்படித்தான் முடியும். லஞ்சம் கொடுத்துத்தான் சாப்பிட வைக்க வேண்டிய பண்டம் என்றால் அது மட்டமாகத்தான் இருக்கும் என்று பிள்ளை சரியாகவே கணக்குப் போடுகிறது. கைப்பேசியில் பாட்டைப் போட்டுவிட்டு, வாய் திறக்கும் நேரம் பார்த்துக் கரண்டியைச் செருகுவதும் ஒளித்து வைப்பதில் ஒரு வகைதான். அங்கே காயை மாவுக்குள் ஒளிக்கிறோம், இங்கே முழுச் சாப்பாட்டையும் திரைக்குப் பின்னால் ஒளிக்கிறோம்.

சில பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. நாலைந்து உணவை மட்டுமே ஏற்று, மற்றதன் வாசனைக்கே ஓங்கரிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் இது அதிகம். வெண்டைக்காயின் கொழகொழப்பும் கத்தரிக்காயின் வழவழப்பும் அவர்களுக்கு நிஜமாகவே தாங்க முடியாத தொல்லை. அவர்கள் நம்பிச் சாப்பிடும் தயிர்சாதத்துக்குள் நீங்கள் ரகசியமாகச் சுரைக்காய் விழுதைக் கலந்து, அவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டால், தயிர்சாதத்தையும் சேர்த்து நிறுத்திவிடும் ஆபத்து இருக்கிறது. எடை கூடாமல் நின்றாலோ, உணவுப் பட்டியல் மாதத்துக்கு மாதம் சுருங்கினாலோ, அங்கே வேண்டியது சமையல் சாமர்த்தியம் இல்லை, மருத்துவரும் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரும்தான்.

மற்றப் பிள்ளைகளுக்குச் சிறந்த வாத்தியார் பக்கத்து இலைக்காரன். இதையும் பர்ச் 1980-லேயே காட்டினார். ஒரு காயை விரும்பாத குழந்தையை, அதை விரும்பும் சில குழந்தைகளோடு சேர்த்துச் சில நாள் மதிய உணவுக்கு உட்கார வைத்தார். அந்தக் குழந்தையும் அதையே எடுக்கத் தொடங்கியது. பந்தியில் உட்கார்ந்து வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிச் சாப்பாடும் ஒரு பந்திதான். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவை விரிவாக்கியபோதும் சரி, 2022 செப்டம்பரில் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோதும் சரி, பேச்செல்லாம் பசியைப் பற்றியே இருந்தது. அது நியாயம்தான். ஆனால் காலை உணவில் உப்புமா, கிச்சடி, பொங்கலோடு காய்கறிச் சாம்பாரும் வருகிறது. வீட்டில் சாம்பாரில் கிடக்கும் கேரட்டை ஓரம்கட்டும் பையன், பள்ளியில் நாற்பது பிள்ளைகளோடு வரிசையில் உட்காரும்போது அதைத் தின்றுவிடுகிறான். "ஸ்கூல்ல சாப்பிடறானாமே, வீட்ல ஏன் சாப்பிட மாட்டேங்கிறான்?" என்று கேட்கிற அம்மாக்களுக்கு இதுதான் பதில். வீட்டில் அவன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான். அம்மா நின்றுகொண்டு பரிமாறுகிறார், அப்பா இன்னும் வரவில்லை.

இந்த இடத்தில்தான் தந்தைமார்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் காய்கறியை மறைத்துச் சமைக்க வேண்டிய முதல் ஆள் பல நேரம் பிள்ளை கிடையாது. வீட்டுத் தலைவர்தான். அவருக்குப் புடலங்காய் ஆகாது, பூசணிக்காய் ஆகாது, கீரை என்றால் மாடா நான் என்பார். அவருக்கு ஆகாததை அந்த வீட்டில் வாங்குவதே இல்லை. வாரத்தில் ஐந்து நாள் உருளைக்கிழங்கு வறுவல். அந்த வீட்டுப் பிள்ளை கண்ணாலேயே காணாத காயை எப்படி விரும்பும்? அதே மனிதர் பிள்ளையிடம் "காய் சாப்பிடு, அப்பதான் கணக்கு வரும்" என்பார். பிள்ளை அவர் சொல்வதைக் கேட்காது, அவர் தட்டைப் பார்க்கும்.

நிறைவாகச் சில வேண்டுகோள்கள். அடையில் கீரை போடுங்கள், கிச்சடியில் காய் போடுங்கள், பொடி இடியுங்கள், உசிலி செய்யுங்கள். எல்லாவற்றையும் தாராளமாகக் கலந்துவிடுங்கள், கலந்ததைச் சொல்லுங்கள். பிள்ளை "இதுல என்ன போட்டிருக்கே?" என்று கேட்டால் உண்மையான பதிலைச் சொல்லுங்கள். கலந்த பண்டத்துக்குப் பக்கத்திலேயே அதே காயைக் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு கரண்டி வையுங்கள். தொடாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள், அடுத்த வாரம் மறுபடி வையுங்கள். மாலை நாலு மணிக்கு முறுக்கும் பொட்டலச் சிப்ஸும் கொடுத்துவிட்டு ஏழு மணிக்குப் பொரியல் சாப்பிடவில்லை என்று வருத்தப்படாதீர்கள். பசி இல்லாத வயிற்றில் எந்த ருசியும் ஏறாது.

தந்தைமார்களுக்குத் தனியாக ஒன்று. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்குப் பிடிக்காத அந்தப் புடலங்காய்க் கூட்டை முதலில் உங்கள் தட்டில் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடுங்கள். எதுவும் சொல்ல வேண்டாம்.